மாத்திரையும் மதுவும்

புனேவின் முக்தாங்கண் போதை மறுவாழ்வு மையம் 1986இல் எரவாடா மனநல மருத்துவமனை வளாகத்தில்தான் தொடங்கியது. நிறுவியவர்கள் டாக்டர் அனில் அவச்சட்டும், அவரது மனைவியான மனநல மருத்துவர் அனிதாவும். குடியும் மனநோயும் அண்டை வீட்டுக்காரர்கள் என்பதற்கு அந்த முகவரியே சாட்சி.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு பெக் போடலாமா? கூடாது. மது முதலில் உற்சாகம் தந்தாலும் பிறகு சோர்வை ஆழமாக்கும். சிகிச்சையின் பலனைக் கெடுக்கும். அமிட்ரிப்டிலின், மிர்டாஸபின் போன்றவற்றுடன் சேர்ந்தால் கடும் தூக்கக் கலக்கம், தடுமாற்றம். அந்த நிலையில் ஸ்கூட்டரை எடுப்பது விபரீதம். புப்ரோபியான் சாப்பிடுபவருக்கு வலிப்பே வரலாம்.

இன்னொரு தவறு, சனிக்கிழமை குடிப்பதற்காக அன்று மட்டும் மாத்திரையை விட்டுவிடுவது. மருந்து ஒரே நாளில் உடலை விட்டுப் போகாது. ஃப்ளூவாக்ஸெடின் வாரக்கணக்கில் தங்கும். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் விட்டுப்போனாலோ தலைசுற்றலும் பதற்றமும் வரும். ஏற்கனவே துவண்ட மனதில் போதை தற்கொலை எண்ணத்தையும் கிளறலாம்.

தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். எனவே எவ்வளவு குடிக்கிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு அவர் முழு மருந்து எழுத முடியாது.