மலை ஊருக்கு இரண்டு மாத வியாபாரம் போதுமா?

உதகமண்டலத்தில் கடை வைத்திருக்கும் எந்த வியாபாரியிடமும் "வியாபாரம் எப்படி?" என்று கேட்டால், "சீசனைப் பொறுத்தது" என்றுதான் பதில் வரும். ஏப்ரல், மே இரண்டு மாதம் கல்லா நிறைகிறது. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் என்று ஓரளவு நடமாட்டம் இருக்கிறது. மற்ற மாதங்களில் மழையும் பனியும்தான். ஆனால் வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம், வட்டி ஆகியவை பன்னிரண்டு மாதமும் தவறாமல் வந்து நிற்கின்றன. மலை மேல் கடை மந்தமானால், கீழே மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியின் பாக்கி நோட்டும் தடிக்கிறது. எனவே இது ஊட்டிக்காரர்களின் கவலை மட்டுமல்ல.

இப்போது அந்த இரண்டு மாதத்துக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடை சீசனில் ஒரு படி மேலே போய், நீலகிரிக்குள் வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு கட்டப்பட்டது. இதை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களுடைய மனக்குமுறல் நியாயமானதே. வருடத்துக்கு ஒருமுறை வரும் அறுவடையில் கை வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது?

ஆனால், வணிகப் பெருமக்களே, கடையை அடைப்பதோடு நம் வேலை முடிந்துவிடுமா? மலைப்பாதையின் அகலம் அவ்வளவுதான். குடிதண்ணீரும் அவ்வளவுதான். மழையில் மண் சரிந்தால் நமது சரக்கு லாரியும்தான் வழியில் நிற்கிறது. "இன்னும் அதிக கார்களை விடுங்கள்" என்று கேட்பதைவிட, "வருகிறவர்கள் இன்னும் அதிக நாள் தங்கவும், மற்ற மாதங்களிலும் வரவும் வழி செய்யுங்கள்" என்று கேட்பதே நமக்கு லாபம். காலையில் காரில் ஏறி, வீட்டுப் புளியோதரையை ஏரிக்கரையில் சாப்பிட்டுவிட்டு மாலையில் இறங்கிவிடும் குடும்பத்தால் நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் குப்பைதான். மூன்று இரவு தங்குகிற குடும்பமோ பால், ரொட்டி, பழம், தேயிலை, வர்க்கி, மருந்து, கம்பளி என்று பத்துக் கடைகளில் கைநீட்டி வாங்கும்.

மூன்று இரவு தங்க வேண்டுமானால் பார்க்க என்ன இருக்கிறது? 1848ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி இருக்கிறது. 1899ல் குன்னூர் வரையும் 1908ல் உதகை வரையும் வந்து சேர்ந்த மலை ரயில் இருக்கிறது; 2005ல் யுனெஸ்கோ அதற்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மதிப்பைத் தந்தது. இவையெல்லாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் நம் கையில் இருந்தும் நாம் கடை பரப்பாத சரக்கு ஒன்று உண்டு. அதுதான் இந்த ஊரின் விளையாட்டுப் பெருமை.

இன்று உலகமெங்கும் ஆடப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கும் உதகைக்கும் உள்ள உறவு எத்தனை பேருக்குத் தெரியும்? 1875ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகளின் விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி அந்த ஆட்டத்தை உருவாக்கினார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு, பெயர் மட்டுமே ஒன்று.) அதன் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு, 1882ல் ஊட்டி கிளப்பின் சுவரில் ஒட்டப்பட்டன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1977 முதல் உலக ஸ்னூக்கர் போட்டி ஆண்டுதோறும் நடந்து வருகிறது. பதினேழு நாள் போட்டி. அத்தனை நாளும் விடுதிக்கும் உணவகத்துக்கும் கடைக்கும் வியாபாரம். அந்த ஊர் ஸ்னூக்கர் பிறந்த ஊரல்ல. விதி பிறந்த ஊரான நம் உதகையிலோ, அந்த மேஜை இருப்பது உறுப்பினர்கள் மட்டுமே நுழையும் தனியார் கிளப்பில். சுற்றுலா வந்தவர் வெளிக்கதவைக் கூடத் தாண்ட முடியாது.

கிளப்பின் கதவைத் திறக்கச் சொல்வது நம் வேலையல்ல. அது அவர்கள் சொத்து. ஆனால் ஊருக்குள் ஒரு பொதுக்கூடம் கட்டி, நாலைந்து மேஜை போட்டு, அந்த வரலாற்றைப் படங்களோடு வைத்து, ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு அகில இந்தியப் போட்டி நடத்துவதை யார் தடுக்கப் போகிறார்கள்? ஸ்னூக்கர் கூரைக்குள் ஆடும் ஆட்டம். வெளியே எவ்வளவு மழை கொட்டினாலும் ஆட்டம் நிற்காது. மழை மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறேது?

அடுத்தது குதிரைப் பந்தயம். உதகைப் பந்தய மைதானத்துக்கு 1880களிலிருந்து வரலாறு உண்டு. கோடையில் குதிரைகள் மலையேறினால், ஜாக்கிகள், லாயக்காரர்கள், பார்வையாளர்கள் என்று கூட்டமும் மலையேறும். கொள்ளும் வைக்கோலும் முதல் தேநீர்த்தூள் வரை அதில் வியாபாரம் இருந்தது. சூதாட்டத்தால் குடும்பங்கள் கெட்டதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. 1974ல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம், பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. பிறகு குத்தகை பாக்கிப் பிரச்சனை முற்றி, 2024 ஜூலையில் சுமார் 52 ஏக்கர் மைதானத்தை அரசு கையகப்படுத்தியது. அங்கே சூழல் பூங்கா அமைக்கும் திட்டமும் பேசப்பட்டது.

பாக்கி வைத்தவரிடம் வசூலிப்பதில் வியாபாரிகளாகிய நமக்குக் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அந்த இடத்தை என்ன செய்வது என்பதில் நமக்கும் கருத்துண்டு. தாவரவியல் பூங்கா இருக்கிறது. மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி 1995ல் அமைத்த ரோஜாப் பூங்கா இருக்கிறது. மூன்றாவதாக இன்னொரு பூங்கா வந்தால், பூப்பூக்கும் அதே மாதத்தில் அதே கூட்டம்தான் வரும். மாறாக, பசுமையைக் கெடுக்காமல், கட்டிடம் எழுப்பாமல், பழைய ஓடுபாதையைப் பொதுமக்கள் நடக்கவும் ஓடவும் விட்டுவிட்டு, பந்தயக் காலத்தின் படங்களை ஒரு சிறு காட்சியகத்தில் வைத்தால், அது வருடம் முழுவதும் பயன்படும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதகையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவாகக் கிடைப்பதால், சில வாரம் தங்கிப் பயிற்சி செய்யும் ஓட்டக்காரரின் உடலில் சிவப்பணுக்கள் கூடுகின்றன. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மலை ஊர்களைத் தேடிப் போவது இதற்காகத்தான். பயிற்சிக்கு வரும் ஒரு குழு இருபது, முப்பது நாள் தங்கும். அரிசி, முட்டை, பால், வாழைப்பழம், பருப்பு என்று தினமும் வாங்கும். அவர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் வாகன வரம்பும் குறுக்கே நிற்காது. மளிகைக் கடைக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் உண்டா?

"வெள்ளைக்காரன் ஆடிய ஆட்டம், நமக்கென்ன பெருமை?" என்று கேட்பவர்களும் உண்டு. ரயிலும் அவர்கள் காலத்தில் வந்ததுதான். இன்று அது நம் ரயில். தவிரவும், இந்த மலையின் விளையாட்டு அவர்களோடு தொடங்கவில்லை. தோடர் இன இளைஞர்கள் தங்கள் மந்துகளில் திருவிழாவின்போது பெரிய உருண்டைக் கல்லைத் தூக்கி வலிமை காட்டும் வழக்கம் இன்றும் உண்டு. அதைக் காட்சிப் பொருளாக்கிவிடக் கூடாது. அவர்கள் சம்மதித்து, அவர்களுக்கு வருமானம் கிடைக்கும் வகையில் சொன்னால், அதுவும் இந்த ஊரின் பெருமைதான். 2013ல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலை சால்வையை நம் கடைகளில் நியாய விலைக்கு வைத்து விற்பதும் அதில் சேரும்.

அரசைக் கேட்பதற்கு முன் நாமும் கொஞ்சம் செய்ய வேண்டும். சீசன் என்றதும் பத்து ரூபாய்ப் பொருளைப் பதினைந்து என்று சொன்னால், வந்தவர் மறுபடி வரமாட்டார். வரவிருந்த பத்துப் பேரையும் தடுப்பார். விலைப்பட்டியல் கடை வாசலில் தொங்கட்டும். தேயிலைப் பொட்டலத்தில் கலப்படம் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியட்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், துணிப்பை கொடுப்போம். ஒவ்வொரு கடையிலும் ஊரின் விளையாட்டு வரலாறு பற்றி ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் இருக்கட்டும்; அச்சடிக்கும் செலவைச் சங்கங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். போட்டி நடத்த விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் ஆளுக்கொரு தொகை போட்டால், பெரும் பணமுதலையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

விற்காத சரக்கைப் பரணில் போட்டுவிட்டு வியாபாரம் இல்லை என்று அழுவது நல்ல வியாபாரிக்கு அழகல்ல. உதகையின் பரணில் நூற்று நாற்பது வருடத்துச் சரக்கு தூசி படிந்து கிடக்கிறது. அதை இறக்கித் துடைத்துக் கடை வாசலில் வைப்போம். அடுத்த கூட்டத்தில் வாகன எண்ணிக்கையோடு இதையும் ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரைச் சந்திப்போம். சிந்தித்துச் செயல்படுவோமாக!