வல்வில் ஓரி: வரலாறோ, கற்பனையோ?

ஆண்டுதோறும் ஆடித் திங்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு விழா நிகழ்கின்றது. நாமக்கல், சேலம் சமவெளிகளிலிருந்து மலையேறிச் செல்லும் மக்கள் அங்கே அவன் சிலையைக் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும், நம் மாணவருள் ஒருவர் எழுந்து, 'ஓரி என்றொருவன் மெய்யாகவே வாழ்ந்தானா?' என்று வினவின், அவரைத் தமிழ்ப்பற்றிலர் என்று இகழ்வாரும் உளர். பழம்பாட்டெல்லாம் பொய்யென நகைப்பாரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஆராய்ச்சியின் வாயிலை அடைப்பவரே என்பது நம் கருத்து.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியர் போற்றும் ஆர்தர் மன்னனைக் குறித்தும் இவ்வினா நெடுங்காலமாக நிகழ்ந்துவருகின்றது. 6-ஆம் நூற்றாண்டினரான கில்தாஸ் என்னும் துறவி, ஆர்தர் வென்றதாகப் பின்னையோர் கூறும் பேடன் போரைக் குறிப்பிட்டும் அவன் பெயரைக் கூறினாரல்லர். 9-ஆம் நூற்றாண்டு இலத்தீன் நூலொன்று அவனுக்குப் பன்னிரண்டு போர்களை உரைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் மான்மத்து ஜெஃப்ரி என்பார் அவனைப் பேரரசனாக்கினார். காலஞ் செல்லச் செல்லச் சான்று பெருகாது கதையே பெருகிற்று. அறிஞர் பலர் ஐயுறுதல் இதனாலன்றோ?

ஓரியின் நிலை வேறு. வன்பரணரும் கழைதின் யானையாரும் அவன்பாற் சென்று பாடியனவாகப் புறநானூற்றிற் பாடல்கள் உள. 'பரிசில் விழைந்தோர் புகழ்ச்சி மிகைபடக் கூறியிருப்பர்' என்று ஒருவர் மறுக்கலாம். அவர்க்கு நாம் காட்டுவது அகப்பாடல்களையே. இளையாள் ஒருத்தி தெருவிற் சென்றபோது ஊரில் எழுந்த ஆரவாரத்திற்கு, ஓரியைக் கொன்ற காரி அவன் தெருவிற் புக்கபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் உவமையாக்குகின்றார் கபிலர். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்த செய்தியை அகநானூற்றிற் கல்லாடனார் கூறுகின்றார். காதலைப் பாடும் புலவர்க்கு இறந்துபட்ட குறுநிலத் தலைவனைப் புகழ்ந்து பெறும் பரிசில் யாது? கேட்போர் அறியாத நிகழ்ச்சி உவமையாகப் பயன்படுமோ? நாடறிந்த செய்தியாதலினாலேயே அதனை இடையே எடுத்தாண்டனர் என்று கொள்ளுதல் பொருந்தும்.

அயலே தகடூரை நோக்குவோம். 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த தருமபுரியே அது. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியையும் நாம் பாட்டுக்களிலேயே அறிந்திருந்தோம். 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பைக் குன்றில், சத்தியபுத்திரன் என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு வெளிப்பட்டது. அசோகர் தம் 2-ஆம் பாறைச் சாசனத்திற் சோழ பாண்டியரோடு சேர்த்துரைத்த சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர் மாறுபட்டுக் கூறிவந்த வழக்கும் அதனாற் பெரிதும் தீர்ந்தது. பாட்டிற்குக் கல் சான்றாயிற்று.

ஓரிக்கு அத்தகைய கல் இன்றுகாறும் கிடைத்திலது. ஆதலின் நாம் அளவறிந்து பேசுதல் வேண்டும். கொல்லியை ஆண்ட ஓரி என்னும் தலைவன் வாழ்ந்தான் என்பதற்குப் பாட்டுச் சான்று போதிய வலிமை உடையது. ஆனால், ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததென்பது கவியின் சுவையேயன்றிச் சரித்திரமன்று. பின்னதை நம்பாதார் முன்னதையும் மறுக்க வேண்டுவதில்லை. முன்னதை நம்புவோர் பின்னதற்காக வழக்காடவும் வேண்டுவதில்லை.

நம் குன்றுகள் நாளும் உடைபட்டுச் சல்லியாகின்றன. எழுத்துள்ள பாறையொன்று அவற்றோடு அழியின், ஓரியை இல்லையாக்கியவர் ஐயுற்ற மாணவரல்லர், காவாதொழிந்த நாமே. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தத்தம் ஊர்க் குன்றையும் குகையையும் ஒருமுறை உற்றுநோக்குவாராக; எழுத்தெனத் தோன்றுவதைத் தொல்லியல் துறைக்கு அறிவிப்பாராக.

வேட்டுவனைக் காட்டிற் கண்ட வன்பரணர், 'இவன் ஓரிதானோ, அல்லனோ?' என்று ஐயுற்றதாகவே பாடினார். புலவர் நாணாது கேட்ட வினாவை நாமும் நாணாது கேட்போமாக.