விமானத் தொழில் வரட்டும், கூலிக்காரரும் கணக்கில் வரட்டும்

பெங்களூரு விமான நிலையத்தை ஒட்டிய தேவனஹள்ளி வட்டத்தில், 13 கிராமங்களைச் சேர்ந்த 1,777 ஏக்கரை விமான, விண்வெளித் தொழில் பூங்காவுக்காக எடுக்க முயன்றது கர்நாடக அரசு. 2022 ஏப்ரலில் தொடங்கிய போராட்டம் மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. சிறு விவசாயிகளோடு தலித் குடும்பங்களும் தலித் அமைப்புகளும் அதில் நின்றன. 2025 ஜூலை 15 அன்று, நிலம் எடுக்கும் முடிவைக் கைவிடுவதாக முதல்வர் சித்தராமையா அறிவித்தார். உடனே ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ், பெங்களூருக்கு அருகிலேயே 8,000 ஏக்கருக்கு மேல் தயாராக இருக்கிறது, எங்களிடம் வாருங்கள் என்று நிறுவனங்களை அழைத்தார்.

தமிழ்நாடும் இந்தப் போட்டியில் முன்னால் நிற்கிறது. 2022இல் வந்த வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கையின் இலக்கு, பத்தாண்டுகளில் ரூ.75,000 கோடி முதலீடும் ஒரு லட்சம் வேலையும். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் நம் ஓசூரும் ஒன்று. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிப்பும் வந்துவிட்டது.

நாம் தொழிலுக்கு எதிரிகள் அல்லர். சிறு நில உடைமையின் சிக்கலுக்குத் தொழில்மயமே தீர்வு என்று 1918இலேயே எழுதியவர் அம்பேத்கர். ஆண்டையின் களத்தில் கைகட்டி நின்றவர்களின் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போய் மாதச் சம்பளம் வாங்குவது விடுதலையின் ஒரு படிதான். தொழிற்சாலை வரும்போது நமக்கு என்ன பங்கு என்பதுதான் நம் கேள்வி.

முதலாவது நிலம். பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைக்கும். அந்த வயலில் களையெடுத்தவர், வாரத்துக்கு உழுதவர் நிலை என்ன? 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரரையும்கூட பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. அவர்களைக் கண்டறியும் வழி சமூகத் தாக்க மதிப்பீடு. ஆனால் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு தொழிற்சாலை நிலமெடுப்புச் சட்டத்தில் அந்த மதிப்பீடு கிடையாது. கணக்கில் வராதவருக்கு மறுவாழ்வு எங்கிருந்து வரும்? ஆகவே நிலம் அளக்கும்போதே கூலிக் குடும்பங்களையும் எண்ண வேண்டும். எடுக்கப்படும் பரப்பில் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று பழைய பதிவேடுகளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. ஆனால் இந்த நிறுவனங்களுக்கு நிலமும் மானியமும் மக்கள் பணத்தில்தான் போகின்றன. 2025இன் விண்வெளித் தொழில் கொள்கையில் ஊதிய மானியமும் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே தருமானால், அந்த வேலை யாருக்குப் போகிறது என்று கேட்க அரசுக்கு உரிமை இருக்கிறது. நிலம் தந்த ஊரின் சேரிக்கு மிஞ்சுவது செக்யூரிட்டி வேலையும் துப்புரவு ஒப்பந்தமும் மட்டும் என்றால், பழைய சாதித் தொழில் புதிய சீருடையில் தொடர்கிறது என்றே பொருள்.

மூன்றாவது தொழில் முனைவு. விமானத்தின் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களில் பல சிறு பட்டறைகளில் உருவாகின்றன. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது விதி. பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். நிறுவனத்துக்கும் அது பொருந்தும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில்.

மாணவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் நவீன இயந்திரங்களோடு தரம் உயர்த்தப்பட்டுள்ளன. சி.என்.சி. இயந்திரம் ஓட்டவும், மைக்ரோமீட்டரில் பிசகாமல் அளக்கவும், வரைபடம் படிக்கவும் கற்றவர்களுக்கு இந்தத் துறையில் தேவை இருக்கிறது. பூங்கா வந்த பிறகு படிப்போம் என்றிருந்தால், வெளியூர்க்காரர் வேலையில் சேர்ந்திருப்பார்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே கேட்டால்தான் அது நிபந்தனை. பிறகு கேட்டால் வெறும் மனு.