சும்மா கொடுப்பதற்கும் பத்திரம் வேண்டும்

தமிழுக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகளோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ராத்திரி கண் விழித்துப் பிழைதிருத்தி எழுதுகிறார்கள், அகராதிச் செயலி எழுதுகிறார்கள். கிட்ஹப்பில் ஏற்றுகிறார்கள். லைசென்ஸ் மட்டும் இருக்காது. கேட்டால், "சும்மாதானே கொடுக்கிறோம் ஐயா, இதற்கு எதற்குப் பத்திரம்?" என்று பதில் வருகிறது.

சும்மா கொடுப்பதற்குத்தான் பத்திரமே வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1984இல் செய்த திருத்தத்தால், கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகச் சேர்ந்துவிட்டது. நீங்கள் ஒன்றும் எழுதி வைக்காவிட்டால் எல்லா உரிமையும் உங்களுக்கே. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும். நாளை வேலை கிடைத்துப் பெங்களூர் போய் நீங்கள் அதை மறந்துவிட்டால், இன்னொருவர் அந்த நிரலைத் திருத்தி வெளியிடச் சட்டப்படி வழியில்லை. துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன்: சரக்கு கண்ணெதிரே கிடந்தாலும் காகிதம் இல்லாமல் கேட்டைத் தாண்டாது.

எட்டயபுரம் நம் மாவட்டம்தான். பாரதி 1921இல் காலமானார். அவர் பாட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை ஒரு பட முதலாளி கைக்குப் போய், இன்னொருவர் தம் படத்தில் பாரதி பாட்டை வைத்தபோது தகராறு ஆனது. 1949இல் அரசு தலையிட்டு உரிமையை வாங்கி, பிறகு பொதுவாக்கியது. பாரதிக்கு அரசு வந்தது. உங்கள் பிழைதிருத்திக்கு எந்த முதலமைச்சர் வரப்போகிறார்?

சரி, போடுகிறோம் என்று இறங்கி வருபவர்கள் உடனே எம்ஐடி லைசென்ஸ் என்கிறார்கள். சின்ன வாசகம். என் பெயரையும் இந்த வாசகத்தையும் எடுக்காதே, மற்றபடி உன் இஷ்டம் என்பது அதன் சாரம். இங்கே என் கட்சி வேறு. நான் ஜிபிஎல் கட்சி.

இந்தக் கரையில் அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்திய காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவருக்கு என்று ஏற்பாடு. அது நியாயமான பங்கா என்பது வேறு விஷயம். ஆனால் பங்கு தெரியாமல் யாரும் கடலில் இறங்கவில்லை. ஜிபிஎல் அந்தப் பங்கைத்தான் முன்கூட்டியே பேசுகிறது: எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய்; ஆனால் மாற்றியதை வெளியே கொடுத்தால் மூலநிரலையும் இதே உரிமைகளோடு கொடு.

இது வெறும் பேச்சல்ல. லிங்க்சிஸ் கம்பெனியின் ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003இல் சிலர் கண்டுபிடித்துக் கேட்டார்கள். ஜிபிஎல் இருந்ததால் கம்பெனி மூலநிரலை வெளியிட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டி முளைத்தது அதிலிருந்துதான். சோனியின் பிளேஸ்டேஷன் 4 உள்ளே இருப்பதோ ஃபிரீபிஎஸ்டி. அதன் லைசென்ஸ் எம்ஐடிக்கு அண்ணன் தம்பி. செய்த மாற்றங்களைத் திருப்பிக் கொடு என்று சோனியிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

"நிபந்தனை போட்டால் கம்பெனிகள் தொடாதே" என்பார்கள். லினக்ஸ் 1992 முதல் ஜிபிஎல்லில்தான் இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அது இருக்கிறது. தொடாமலா போனார்கள்?

விதிவிலக்கு உண்டு. எழில் நிரல்மொழி ஜிபிஎல். அதன் கிளையாக வந்த ஓப்பன்-தமிழ் நூலகம் எம்ஐடி. தமிழ் எழுத்தைப் பிரித்து எண்ணுவது போன்ற அடிப்படை வேலைக்கான கருவி, நாலு பேர் எடுத்தாண்டால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆங்கிலச் சட்ட வாசகம் புரியவில்லை என்ற சாக்கும் வேண்டாம். காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் நான். அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் மூன்று ஆய்வு நிறுவனங்கள் 2004இல் தங்கள் மொழியிலேயே, தங்கள் சட்டத்துக்கு இசைவாக, செசில் என்று ஒரு லைசென்ஸ் எழுதிக்கொண்டன. ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும்படிதான் எழுதினார்கள். நம்மில் வக்கீல்களுக்கா பஞ்சம்?

அதுவரை ஜிபிஎல் வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஒட்டுங்கள். சர்வரில் ஓடுகிற மென்பொருளென்றால் ஏஜிபிஎல். எழுத்துருவுக்கு ஓஎஃப்எல் தனியாக இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் மென்பொருளுக்கு ஆகாது, அதை வெளியிடுபவர்களே அப்படிச் சொல்கிறார்கள். கூட ஒருவர் சேர்ந்து எழுதியிருந்தால் அவர் சம்மதத்தையும் இமெயிலில் வாங்கி வையுங்கள், அவர் நம்பர் மாறுவதற்குள்.