மண் வாசிக்கவில்லை

பண்ணைப்புரத்து மண்தான் லண்டனில் சிம்பொனியாக ஒலித்தது என்று ஒரு சிற்றிதழ் எழுதியிருக்கிறது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு ஊர். 2025 மார்ச் 8 அன்று அவரது ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது கம்பத்திலிருந்து தேனிவரை எங்களுக்கெல்லாம் பெருமைதான். இருந்தும் இந்த வாக்கியம் உறுத்துகிறது. அன்று வாசித்தவர்கள் கூலிக்கு வாசிக்கும் தொழில்முறைக் கலைஞர்கள். அவர்கள் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் இல்லை.

மண் என்றே வைத்துக்கொள்வோம். எது அந்த மண்? கம்பத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் காப்பிலியர் இருக்கிறார்கள். தெலுங்கு பேசும் கம்பளத்தார் தேவதுந்துபிக்கு ஆடுகிறார்கள். ராவுத்தர் தெருக்கள் உண்டு, இராயப்பன்பட்டியில் மாதா கோயில் உண்டு, குமுளி ஏறினால் மலையாளம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் மலையேறிப் போய்த் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடினார். அந்தக் காலத்து மேடைகளைத் தாங்கிய ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்த பெட்டி. கலப்பில்லாத மண்ணை இங்கே யாரும் தோண்டி எடுக்க முடியாது.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எண்பதுகளில் பக்கம் பக்கமாக எழுதிய அதே சிற்றிதழ் முகாம்தான், இசை என்று வந்ததும் ஒரு மேதை, ஒரு ஊர், ஒரு ரத்தம் என்று திரும்புகிறது. பிரதியைப் பலர் சேர்ந்து நெய்கிறார்கள் என்ற பேச்சு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலோடு ஏன் நின்றுவிட வேண்டும்?

அந்தக் கூடத்தைப் பார்ப்போம். இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பும், கன்னடத் திரையுலகில் பெயர்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் தொழிலும் பயின்ற பிறகுதான் 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அவர் தாளில் எழுதித் தருவார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதன் பகுதியைப் பிரித்துப் படியெடுப்பார்கள். கலைஞர்கள் அங்கேயே பார்த்து, ஒத்திகை முடித்து, பதிவுக்குத் தயாராகிவிடுவார்கள். வி. எஸ். நரசிம்மனின் வயலின், விஜி மானுவேலின் கீபோர்டு, சதானந்தத்தின் கிதார், சசிதரனின் பேஸ், புருஷோத்தமனின் டிரம்ஸ்: இவை இல்லாத அந்தப் பாட்டுகளை நினைத்தும் பார்க்க முடியாது. கர்நாடக சங்கீதம் கற்றவரும் தேவாலயத்து ஆர்கனில் பழகியவரும் ஒரே தாளைப் படித்தார்கள். நையாண்டி மேளக்காரருக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. அவர் கேட்டே பிடித்துக்கொண்டார்.

‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையான இசை அது. நாடா தேயும்வரை கேட்டவர்கள் நாங்கள். அதில் நரசிம்மனின் வில் ஒரு கமகத்தை இழுத்துக்கொண்டே போய்ப் பாஹின் வாசலில் விடும் இடங்கள் இன்றும் உடம்பைச் சிலிர்க்க வைக்கின்றன. அந்த வில்லுக்கு எந்த ஊர் மண்ணின் பெயரை வைப்பது? 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’டில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. 2005இல் ‘திருவாசக’த்துக்கு வாசித்தவர்கள் புடாபெஸ்ட் கலைஞர்கள். மாணிக்கவாசகரை அவர்கள் படித்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எழுதியதைப் பிசகாமல், உயிரோடு வாசித்தார்கள். தொழில் என்பது அதுதான்.

இசைத்தட்டின் உறையில் இசையமைப்பாளரும் பாடகரும் கவிஞரும் இருப்பார்கள். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. சினிமா மட்டும் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை. திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர்கள் வரிசையாக வரும், நாதஸ்வரக்காரரும் உறுமிக்காரரும் ‘குழுவினர்’ என்பதற்குள் அடங்கிவிடுவார்கள். பாட்டாளியைப் பாடும் நம் இலக்கியமும் வாசிப்புத் தொழிலாளியைக் கண்டுகொண்டதில்லை.

அடுத்த இதழிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் இசையால் பிழைத்தவர்கள், பிழைப்பவர்கள் பற்றிய பக்கம் ஒன்று தொடங்குகிறோம். பேண்டு செட், நையாண்டி, தவில், கோயில் கீபோர்டு, நாடக ஆர்மோனியம், எதுவானாலும் சரி. அவர்கள் சம்மதத்தோடு பெயரும் வாத்தியமும் எழுதி அனுப்புங்கள். ஒன்றையும் விடாமல் அச்சிடுவோம்.