தொக்கமும் தொண்டைக் கருவியும்

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கடலூர் பக்கத்து ஜனங்களுக்குத் ‘தொக்கம் எடுத்தல்’ என்றால் என்னவென்று நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை சோறு தின்ன மறுத்தாலும், வாந்தி எடுத்தாலும், இருமினாலும், ‘தொக்கம் விழுந்துவிட்டது’ என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தொக்கம் எடுப்பவர் குழந்தையின் வயிற்றிலோ கழுத்திலோ ஒரு குழாயை வைத்து உறிஞ்சுகிறார். அல்லது வாயில் ஊதுகிறார். உடனே ஒரு சோற்றுப் பருக்கையோ, பயறோ, கறித்துண்டோ வெளியே வந்து விழுகிறது. தாயார் கும்பிட்டுக் காசு கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறாள்.

வயிற்றின் மேல்தோலில் துவாரம் ஏதும் இல்லையே, உள்ளே இருக்கும் பருக்கை தோலையும் சதையையும் கடந்து குழாய்க்குள் எப்படி வந்தது என்று எவரும் கேட்பதில்லை. வந்த பருக்கை குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததா, உறிஞ்சியவரின் வாயிலிருந்து வந்ததா என்று அவர் வாயை முன்கூட்டியே திறந்து பார்த்தவரும் இல்லை.

வெறும் அஜீரணமாயிருந்தால் அது தானாகவே தீர்ந்துபோகும். நஷ்டம் காசோடு போகும். ஆனால் மூச்சுக்குழாயில் உண்மையாகவே ஒரு பொருள் போய்விட்ட குழந்தையின் கதி என்ன என்பதே நமது கேள்வி.

நமது ஜில்லா மல்லாட்டைக்குப் பேர்போனது. நமது நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும் பொருள்களில் முதன்மையானதும் இந்த மல்லாட்டைப் பருப்புதான். தொண்டையில் முன்புறம் மூச்சுக்குழாயும் பின்புறம் உணவுக்குழாயும் இருக்கின்றன. விழுங்கும்போது மூச்சு வழியின் வாயில் தானே அடைபடும்படியான ஏற்பாடு இருக்கிறது. குழந்தை பருப்பை வாயில் வைத்துக்கொண்டே ஓடினாலோ, சிரித்தாலோ, அழுதாலோ அந்த வாயில் திறந்துகொள்ளும். பருப்பு உள்ளே போய்விடும். முதலில் மூச்சு முட்டும்படியான இருமல் வரும். பருப்பு குரல்நாண்களைத் தாண்டி நுரையீரல் கிளைக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் இருமல் அடங்கிப்போவதும் உண்டு.

தொக்கக்காரருக்குப் புகழ் கிடைப்பது இந்த இடத்தில்தான். அவர் ஊதுகிறார், குழந்தை அமைதியாயிருக்கிறது, ‘கைராசிக்காரர்’ என்று ஊர் சொல்கிறது. உள்ளே இருக்கும் பருப்போ ஈரத்தில் ஊறிப் பெருக்கிறது. அதன் எண்ணெய் குழாயைப் புண்ணாக்குகிறது. சில நாள் கழித்துச் சுரமும் இழுப்பும் வந்தால், அது வேறு வியாதி என்றோ, தெய்வக் குற்றம் என்றோ சொல்லிவிடுகிறார்கள். பருப்பு எக்ஸ்ரே படத்திலும் தெரியாது. ஆகையால், ‘பருப்புத் தின்னும்போது புரையேறியது’ என்ற ஒரு வார்த்தையை டாக்டரிடம் மறவாமல் சொல்வது, நூறு தொக்கம் எடுப்பதைவிடப் பெரிது.

நிற்க, தொண்டைக்குள் என்ன இருக்கிறதென்பதை ஊகிக்காமல் கண்ணால் பார்த்தறிய மனிதன் செய்த முயற்சியைச் சற்றுக் கவனிப்போம். 1854ஆம் வருஷத்தில் மனுவேல் கார்ஸியா என்னும் பாட்டு வாத்தியார் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் வைத்து, சூரிய வெளிச்சத்தைக் கைக்கண்ணாடியால் திருப்பி, தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அவர் வைத்தியரல்லர், குரல் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டவர், அவ்வளவே. 1895இல் பெர்லினில் கிர்ஸ்டைன் என்பவர் கண்ணாடியின் உதவியில்லாமல் நேராகவே குரல்வளையைப் பார்த்தார். 1943இல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் மாக்கிண்டாஷ் வளைந்த தகடு ஒன்றைச் செய்தார். அந்த ‘லாரிங்காஸ்கோப்’தான் இன்றும் ஆஸ்பத்திரிகளில் வழங்குகிறது. நுனியில் காமிரா பொருத்தித் திரையில் காட்டும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன.

அதன் வேலையில் மர்மம் ஒன்றுமில்லை. கைப்பிடிக்குள் பேட்டரி, அதில் மாட்டிய தகட்டில் விளக்கு. டாக்டர் அதை இடது கையில் பிடித்து, நாக்கை ஒருபுறம் ஒதுக்கி மேல்நோக்கித் தூக்கினால் குரல்நாண்கள் வெண்மையாய்த் தெரியும். அங்கே பருப்பு சிக்கியிருந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். அதற்கும் கீழே போயிருந்தால் ‘பிராங்காஸ்கோப்’ வேண்டும். மூச்சு நின்றவனுக்கு அந்த வழியாகவே குழாயைச் செலுத்திக் காற்றுக் கொடுக்கலாம்.

கரும்புத் தோட்டத்துக்காரர் இதை முக்கியமாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் விஷம் மூச்சுவிடும் தசைகளைச் செயலறச் செய்கிறது. கண்ணைத் திறக்க முடியாமல் பிணம்போல் கிடப்பவனுக்கு உள்ளே அறிவு இருக்கக்கூடும். விஷமுறிவு மருந்து கொடுத்து, குழாய் போட்டுச் சில நாள் மூச்சுக் கொடுத்தால் அவன் எழுந்து நடப்பான். ‘குழாய் போட்டால் பிழைக்கமாட்டான், அவிழ்த்து விடுங்கள்’ என்று டாக்டரோடு சண்டையிடும் சொந்தக்காரர்கள், மந்திரிப்பவனைவிடக் குறைந்த கேட்டைச் செய்பவர்கள் அல்லர்.

இனிச் செய்யவேண்டியது என்ன? ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு முழுப் பருப்பு கொடுக்கக் கூடாது. புரையேறிய குழந்தை பலமாய் இருமினால் இருமவிட வேண்டும். இருமவும் அழவும் முடியாமற் போனால் முன்னே குனியச் செய்து, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக ஐந்து முறை அமுக்க வேண்டும். மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழக் கவிழ்த்து முதுகில் தட்டிவிட்டு, வயிற்றை அமுக்காமல் மார்பின் நடுவில் அமுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது. அது இன்னும் ஆழப் போகும். இதற்குள் ஒருவர் 108க்குப் பேச வேண்டும்.

கிராமத்தாரை மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. தொக்கக்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், எந்நேரமும் கிடைக்கிறார். ஆஸ்பத்திரியோ தொலைவில் இருக்கிறது. ஆகவே சிசு முதல் பெரியவர் வரை எல்லோருக்குமான அளவுத் தகடுகளும், தினமும் சோதித்துப் பார்த்த விளக்கும், அதைப் பழகிய கையும் சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இரவு பகல் இருக்கின்றனவா என்று சர்க்காரைக் கேட்பதும் நமது கடமையாகும். பேட்டரி தீர்ந்த கருவிக்கும் தொக்கக்காரரின் குழாய்க்கும் பேதம் அதிகமில்லை.

ஊதுகிறவரை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கும் தாயின் அன்பில் குறை ஏதுமில்லை. அந்த அன்புக்கு ‘உள்ளே என்ன இருக்கிறது, காட்டு’ என்று கேட்கும் துணிவும் வந்துவிட்டால் அதுவே போதும்.