மனப்பாடம் செய்த விதி

அடுக்குக்குறி விதிகளை மனப்பாடம் செய்தால் போதும், காரணம் கேட்பது நேர விரயம் என்பது தாம்பரம், செலையூர் டியூஷன் வட்டாரத்தில் புழங்கும் வாதம். மாறியின் வர்க்கத்தைக் கனத்தால் பெருக்கி, அடுக்கு 6 என்று எழுதும் பிள்ளையும் விதியை மனப்பாடம் செய்ததுதான். அடுக்கின் அடுக்குக்கு உரிய பெருக்கலை இங்கே ஒட்டிவிட்டது. மாறிக்கு 2-ஐப் போட்டால் 4 × 8 = 32; 2⁶ என்பதோ 64. குட்டு அங்கேயே உடைந்துவிடும், சில விநாடிகளில்! அடுக்கைப் பெருக்கலாக விரித்து எழுதினால் காரணம் தெரியும் என்றால், பூச்சிய அடுக்கை எப்படி விரித்துக் காட்டுவது என்று அந்த வட்டாரத்தினர் மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். 5³ ÷ 5³ = 1; அடுக்குகளைக் கழித்தால் 5⁰. அடிமானம் பூச்சியமாகக் கூடாது என்ற நிபந்தனையும் இந்த வகுத்தலிலிருந்தே வருகிறது. தேர்வுக்கு இதெல்லாம் எதற்கு என்றால், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வு, ஒரு பகுதியில் விடையோடு காரணத்தையும் எழுதச் சொல்கிறது.